மனநல மாத்திரை எடுப்பவர் விமானம் ஓட்டலாமா? அமெரிக்காவில் உள்ள நான்கு வழிகளும் எது யாருக்கு என்பதும்

அமெரிக்காவுக்கு விமானப் பயிற்சிக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளும், வேலைக்கு வந்த இடத்தில் வார இறுதியில் பறக்க ஆசைப்படும் ஐடிக்காரர்களும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "செர்ட்ரலின் எடுத்துக்கிட்டிருக்கேன், நல்லாத்தான் இருக்கேன். மெடிக்கல் கிடைக்குமா? இல்ல, மாத்திரையை நிறுத்திட்டு அப்ளை பண்ணவா?" சிலர் தயங்கித் தயங்கி மூன்றாவதையும் கேட்பார்கள். "சொல்லாமலே விட்டுட்டா?"

2010 ஏப்ரல் வரை இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. மனச்சோர்வுக்கு எந்த மாத்திரை எடுத்தாலும், பறக்கத் தேவையான மருத்துவச் சான்று, அதாவது 'மெடிக்கல்', கிடையாது. அதனால் விமானிகள் சிகிச்சையே எடுக்காமல் இருந்தார்கள், அல்லது எடுத்துக்கொண்டு மறைத்தார்கள். ஆஸ்திரேலியாவோ 1987 முதலே சில நிபந்தனைகளோடு மாத்திரையுடன் பறக்க அனுமதித்தது. அங்கே பத்தாண்டுத் தரவுகளை வைத்து 2007இல் வெளிவந்த ஆய்வில், மாத்திரை எடுத்த விமானிகளுக்கு விபத்து கூடுதலாக நேர்ந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, 2010 ஏப்ரல் 5 அன்று நான்கு மருந்துகளுக்குக் கதவைத் திறந்தது. அதன் பிறகு வழிகள் கூடியிருக்கின்றன. ஆனால் எந்த வழியை எந்த வரிசையில் எடுப்பது என்று தெரியாததால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் உடல்நலம். மாத்திரை தேவையா, தொடர வேண்டுமா என்பதை நீங்களும் உங்கள் மருத்துவரும் உட்கார்ந்து பேசி முதலில் முடிவு செய்யுங்கள். மெடிக்கலுக்காக மாத்திரையை மாற்றுவது தலைகீழ் வேலை. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

இரண்டாவது, எதற்காகப் பறக்கிறீர்கள் என்பது. ஏர்லைன் வேலையா, சொந்த மகிழ்ச்சிக்கா? இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் நான்கு வழிகளில் இரண்டு தானாகவே விலகிவிடும். மூன்றாவது, கையில் எவ்வளவு பணமும் காலமும் இருக்கிறது என்பது.

நான்காவதைப் பெரும்பாலானோர் யோசிப்பதே இல்லை. ஒரு கதவைத் தட்டித் தோற்றால் வேறு எந்தக் கதவு மூடும்? எஃப்ஏஏ விதிகளில் ஒரு முறை நிராகரிக்கப்பட்டால், அதுவரை உங்களுக்குத் திறந்திருந்த எளிய வழிகள் சிலவும் அடைபட்டுப்போகும்.

## முதலில், உங்கள் மருந்து எது

2010இல் ஏற்கப்பட்டவை ஃபுளுவாக்ஸெடின், செர்ட்ரலின், சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம். 2023இல் ப்யூப்ரோபியனின் மெதுவாகக் கரையும் வகைகள் சேர்ந்தன. 2024இல் டுலாக்ஸெடின், வென்லாஃபாக்ஸின், டெஸ்வென்லாஃபாக்ஸின் ஆகிய மூன்றும் சேர்ந்தன. இவற்றில் ஒரே ஒரு மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டைச் சேர்த்து எடுத்தால் இந்த வழி இல்லை.

பதற்றத்துக்கு எடுக்கும் அல்பிரசோலாம், குளோனசிபாம் போன்றவை ஏற்கப்படுவதில்லை. கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும் ஊக்க மருந்துகளும் அப்படியே. பள்ளி வயதில் யாரோ எழுதிக் கொடுத்த ஏடிஹெச்டி மருந்தால் இருபது வயதில் தவிக்கும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கான பரிசோதனை முறையே வேறு என்பதால் இங்கே அதற்குள் போகவில்லை. இருதுருவக் கோளாறும் மனச்சிதைவு வகை நோய்களும் விதியிலேயே பெயர் சொல்லி விலக்கப்பட்டவை. கீழே சொல்வது பெரும்பாலும் மிதமான மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்குப் பொருந்தும்.

## வழி 1: மருந்தைத் தொடர்ந்துகொண்டே சிறப்புச் சான்று

வழக்கமான விதிப்படி தகுதி இல்லாதவருக்கு, தனியாகப் பரிசீலித்து எஃப்ஏஏ தரும் சான்று இது. ஏர்லைன் கனவு இருந்து, மருந்தும் தேவை என்றால் இதுதான் வழி. நீண்டது, செலவும் அதிகம், ஆனால் நேர்மையானது.

2010இல் ஒரே மருந்தை நிலையாக 12 மாதம் எடுத்திருக்க வேண்டும் என்றார்கள். பிறகு அது 6 மாதமாகி, இப்போது 3 மாதமாகக் குறைந்திருக்கிறது. அளவும் மாறாமல் இருக்க வேண்டும். அப்புறம் சாதாரண விமான மருத்துவப் பரிசோதகரிடம், அதாவது ஏஎம்இயிடம் போனால் போதாது. ஹிம்ஸ் என்ற திட்டத்தில் தனிப் பயிற்சி பெற்ற ஏஎம்இ வேண்டும். குடிப்பழக்கத்திலிருந்து மீளும் விமானிகளுக்காக 1970களில் தொடங்கிய திட்டம் அது. அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு "நான் குடிக்கவே மாட்டேனே" என்று பதறுகிறவர்கள் உண்டு. மாத்திரை எடுப்பவர்களும் அதே பரிசோதகர்களிடம்தான் போக வேண்டும், அவ்வளவுதான்.

சிகிச்சை தரும் மருத்துவரின் விரிவான அறிக்கை, பழைய மருத்துவப் பதிவுகள், உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதிய விளக்கம், மனநல மருத்துவரின் மதிப்பீடு, நரம்பு உளவியலாளரின் சோதனை முடிவு எல்லாம் சேர வேண்டும். கடைசியில் சொன்னதில் காக்ஸ்கிரீன் என்ற கணினித் தேர்வு வரும். எண்வரிசை ஒன்றைக் காட்டிவிட்டு மறைத்து, அதைத் தலைகீழாக உள்ளிடச் சொல்லும். ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கொடுத்து, ஒன்றைக் கவனிக்கும்போது மற்றொன்றைக் கைவிடுகிறீர்களா என்று பார்க்கும். ஆங்கில வாக்கியக் கணக்குகளும் வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் கணக்கில் தடுமாற மாட்டார்கள், வாக்கியத்தை வாசிப்பதில் நேரம் போய்விடும். ஆங்கிலம் உங்கள் இரண்டாம் மொழி என்பதைத் தேர்வுக்கு முன்பே உளவியலாளரிடம் சொல்லுங்கள். அவர் அதை அறிக்கையில் எழுதினால் மதிப்பெண்ணைப் படிப்பவர் சரியாகப் படிப்பார்.

ஏஎம்இ சான்றை அங்கேயே தர மாட்டார். கோப்பு ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ மருத்துவப் பிரிவுக்குப் போகும். அங்கிருந்து மேலும் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால் வழக்கமாக 60 நாள் கெடு இருக்கும். பதில் போகாவிட்டால் அதுவே நிராகரிப்பாக முடியும். அதனால் கையில் எல்லாக் காகிதமும் வந்த பிறகு விண்ணப்பிப்பதே நல்லது.

வெளியே தெரியாத செலவுகள்தான் இங்கே பெரிது. மனநல மதிப்பீட்டுக்கும் உளவியல் தேர்வுக்கும் சேர்த்துப் பல ஆயிரம் டாலர் ஆகும். இது சிகிச்சைக்கான செலவு இல்லை என்பதால் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் தராது. சான்று வந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஹிம்ஸ் ஏஎம்இயைப் பார்க்க வேண்டும். இதில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. மருந்தின் அளவை மாற்றினால் பறப்பதை நிறுத்திவிட்டுத் தெரிவிக்க வேண்டும், காத்திருப்பு மறுபடி தொடங்கும். இதற்குப் பயந்து, மனம் சரியில்லாதபோதும் மருத்துவரிடம் "அதே அளவே போதும்" என்று சொல்லும் ஆபத்து இருக்கிறது. அப்படிச் சொல்லத் தோன்றினால் அந்த எண்ணத்தையே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

யாருக்கு ஏற்றது: ஏர்லைன் அல்லது சார்ட்டர் வேலையைக் குறிவைத்து, ஒரே மருந்தில் நிலையாக இருந்து, ஓராண்டு தள்ளிப்போனாலும் தாங்கக்கூடியவருக்கு. தற்கொலை எண்ணமோ மின்னதிர்வுச் சிகிச்சையோ பழைய வரலாற்றில் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே ஹிம்ஸ் ஏஎம்இயிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். வழக்கமாக அவை தடையாகவே பார்க்கப்பட்டு வந்திருக்கின்றன.

## வழி 2: மருந்தை நிறுத்திவிட்டு விண்ணப்பிப்பது

கேட்பவர்களில் பாதிப் பேருக்கு முதலில் தோன்றுவது இதுதான். விதி எளிமையாகத் தெரியும். மருந்தை நிறுத்திக் குறைந்தது 60 நாள் ஆக வேண்டும், மனநிலை நிலையாக இருக்கிறது என்று சிகிச்சை தந்த மருத்துவர் எழுதித் தர வேண்டும். உளவியல் தேர்வுச் செலவு இல்லாமலும் போகலாம். நிறுத்தி 2 ஆண்டுக்கு மேல் ஆகி, வரலாறும் சிக்கலில்லாமல் இருந்தால், 2024இல் வந்த முறைப்படி ஏஎம்இ தன் அலுவலகத்திலேயே சான்று தர வாய்ப்பு உண்டு.

ஆனால் நிறுத்துவதற்கும் விலை உண்டு. பிரிட்டனில் நீண்ட காலமாக மாத்திரை எடுத்து, நிறுத்தலாம் என்று நினைக்கும் அளவுக்கு நலமாக இருந்தவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2021இல் வந்தது. ஓராண்டுக்குள் நோய் திரும்பியது நிறுத்தியவர்களில் 56 சதவீதம், தொடர்ந்தவர்களில் 39 சதவீதம். நலமாக இருந்தவர்களிடமே இந்த வித்தியாசம். மருத்துவர் சொல்லாமல் தாமாகச் சட்டென்று நிறுத்துகிறவர்களுக்குத் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை போன்ற தொல்லைகளும் சேர்ந்துகொள்ளும்.

60 நாள் தாண்டிச் சான்று வாங்கி, எட்டாவது மாதத்தில் நோய் திரும்பினால் என்ன ஆகும்? மறுபடி மாத்திரை, மறுபடி காத்திருப்பு. அதோடு கோப்பில் 'ஒரு முறை வந்து போனது' என்பது 'திரும்பத் திரும்ப வருவது' என்று மாறிவிடும். பயிற்சிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கியவருக்கு அந்த இடைவெளி தாங்கவே முடியாது.

நிறுத்தினாலும் பழைய வரலாறு மறையாது. விண்ணப்பப் படிவத்தின் 18ஆம் கேள்வி "வாழ்நாளில் எப்போதாவது" என்றுதான் கேட்கிறது. அதில் மனச்சோர்வும் பதற்றமும் அடங்கும்.

யாருக்கு ஏற்றது: வேலை போனது, வீட்டில் ஒரு சாவு என்று வெளிக்காரணத்தால் ஒரே ஒரு முறை வந்து, மருத்துவரே "இனி மெல்லக் குறைக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு. விமானம் என்ற ஒன்று இல்லாவிட்டாலும் இந்த மாதம் நிறுத்தியிருப்பீர்களா? ஆம் என்றால் இந்த வழி சரி. இல்லை என்றால் வழி 1க்கோ 4க்கோ போங்கள்.

## வழி 3: பேசிக்மெட்

2017 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. எஃப்ஏஏ மருத்துவச் சான்றுக்குப் பதிலாக, ஓட்டுநர் உரிமம் உள்ள ஒருவர் 4 ஆண்டுக்கு ஒரு முறை எந்த அமெரிக்க மருத்துவரிடமும் பரிசோதனைப் படிவத்தை நிரப்பி வாங்கி, 2 ஆண்டுக்கு ஒரு முறை இணையப் பாடம் முடித்தால் போதும். படிவம் உங்களிடமே இருக்கும். மிதமான மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவருக்குத் தனியாகச் சிறப்புச் சான்று கேட்பதில்லை. முடிவு உங்கள் மருத்துவர் கையில். 2024 நவம்பரிலிருந்து வரம்பும் கூடியிருக்கிறது. 12,500 பவுண்டு வரையுள்ள விமானம், ஆறு பயணிகள், 18,000 அடி உயரம்.

இதில் ஒரு பிடி இருக்கிறது. 2006 ஜூலை 14க்குப் பிறகு ஒரு முறையாவது எஃப்ஏஏ சான்று வைத்திருந்திருக்க வேண்டும். கடைசி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருக்கவோ சான்று பறிக்கப்பட்டிருக்கவோ கூடாது. புதிதாக வருபவருக்கு இது நேரடி வழி இல்லை. சம்பளத்துக்கு ஆளையோ சரக்கையோ ஏற்றிப் பறக்கவும் முடியாது.

யாருக்கு ஏற்றது: முன்பே சான்று வாங்கிப் பறந்துகொண்டிருந்து, பிறகு மாத்திரை எடுக்கத் தொடங்கிய பொழுதுபோக்கு விமானிக்கு. அவர் பழைய சான்றைப் புதுப்பிக்க மறுபடி விண்ணப்பிப்பதுதான் பெரிய தவறு. அது நிராகரிக்கப்பட்டால் பேசிக்மெட்டும் போய்விடும்.

## வழி 4: ஸ்போர்ட் பைலட், கிளைடர்

ஸ்போர்ட் பைலட் என்பது சிறு விமானங்களைப் பொழுதுபோக்குக்காக ஓட்டுவதற்கான உரிமம். அதற்குப் பகலில் பறக்க ஓட்டுநர் உரிமமே மருத்துவச் சான்று. 20 மணி நேரப் பயிற்சியிலிருந்து உரிமம் பெறலாம். 2025 அக்டோபர் 22 முதல் நடப்புக்கு வந்த மோசைக் விதிகளால் செஸ்னா 172 போன்ற நாலு சீட் விமானங்களும் இதற்குள் வந்துவிட்டன. ஆனால் கூட ஏற்றலாம் என்பது ஒரே ஒரு பயணிதான்.

இங்கேதான் முன்பு சொன்ன நான்காவது அளவுகோல் வேலை செய்கிறது. எஃப்ஏஏ சான்றுக்கு இதுவரை விண்ணப்பிக்கவே இல்லை என்றால் இந்த வழி திறந்திருக்கும். விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டிருந்தால் மூடிவிடும். ஆசைப்பட்டு ஒரு மூன்றாம் வகுப்புச் சான்றுக்கு, அதாவது சொந்தமாகப் பறப்பவருக்கான எஃப்ஏஏ மருத்துவச் சான்றுக்கு, விண்ணப்பித்துப் பார்ப்போம் என்று இறங்கி, இதையும் சேர்த்து இழந்தவர்கள் உண்டு.

எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து பறக்கும் கிளைடருக்கு மருத்துவச் சான்றே தேவையில்லை. முன்பு நிராகரிக்கப்பட்டவருக்கும் அது திறந்தே இருக்கிறது.

சான்று வேண்டாம் என்பதால் யாரும் கேட்கவில்லை என்று பொருள் இல்லை. பறக்கத் தகுதி இல்லாத நிலை என்று தெரிந்தும் பறக்கக் கூடாது என்ற விதி இவர்களுக்கும் உண்டு. புது மாத்திரை தொடங்கிய வாரங்களிலும், அளவு மாறும்போதும், தூக்கம் கெட்டிருக்கும்போதும் தரையில் இருப்பதே சரி.

யாருக்கு ஏற்றது: ஏர்லைன் எண்ணமே இல்லாமல் வானத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் விரும்புபவருக்கு. மாத்திரையோடு நலமாக இருக்கும் ஐடிக்காரருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## ஒரே பார்வையில்

| | சிறப்புச் சான்று | நிறுத்திக் காத்திருத்தல் | பேசிக்மெட் | ஸ்போர்ட், கிளைடர் |
|---|---|---|---|---|
| மருந்து தொடரலாமா | பட்டியலில் உள்ள ஒன்று | இல்லை | மருத்துவர் ஒப்பினால் | பறக்கத் தடையில்லாத நிலையில் இருந்தால் |
| காத்திருப்பு | 3 மாதம், அதற்கு மேல் எஃப்ஏஏ பரிசீலனை | 60 நாள், அதற்கு மேல் பரிசீலனை | மிகக் குறைவு | இல்லை |
| மருத்துவச் சான்றுக்கான செலவு | பல ஆயிரம் டாலர் | குறைவு, நோய் திரும்பாவிட்டால் | சாதாரணப் பரிசோதனைக் கட்டணம் | இல்லை |
| ஏர்லைன் வேலை | முடியும் | முடியும் | முடியாது | முடியாது |
| கடைசி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால் | மறுபடி முயலலாம் | மறுபடி முயலலாம் | முடியாது | கிளைடர் மட்டும் |

## சப்மிட் அழுத்தியவருக்கு

விண்ணப்பம் மெட்எக்ஸ்பிரஸ் என்ற இணையதளத்தில் நிரப்பப்படும். போன வருடம் ஒரு தம்பி பதறிப்போய் அழைத்தார்.

"அண்ணா, எல்லாம் நிரப்பி சப்மிட் அழுத்திட்டேன். அப்புறந்தான் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. அவ்வளவுதானா?"

"கன்ஃபர்மேஷன் நம்பரை டாக்டர்கிட்ட குடுத்தியா?"

"இன்னும் போகவே இல்லண்ணா."

"அப்ப ஒண்ணும் ஆகல. குடுக்காத."

ஏஎம்இ அந்த எண்ணை உள்ளிட்டுப் படிவத்தைத் திறக்கும்போதுதான் விண்ணப்பம் உயிர் பெறுகிறது. யாரும் திறக்காவிட்டால் 60 நாளில் அது தானாகக் காலாவதியாகிவிடும். திறந்துவிட்டால் பின்வாங்க முடியாது. சான்று, நிறுத்திவைப்பு (முடிவை எஃப்ஏஏவுக்கு அனுப்பிவிடுவது), நிராகரிப்பு என்று மூன்றில் ஒன்றில்தான் முடியும். எனவே ஏஎம்இயிடம் முதல் முறை போகும்போது "ஆலோசனைக்கு மட்டும்" என்று சொல்லி நேரம் வாங்குங்கள். எண்ணைக் கொண்டுபோகாதீர்கள். மருத்துவப் பதிவுகளை மட்டும் எடுத்துப் போங்கள்.

## இந்தியா திரும்பி ஓட்ட நினைப்பவர்

அமெரிக்காவில் மணிநேரம் சேர்த்துவிட்டு ஊர் திரும்பி உரிமத்தை மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருந்தால், இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏயின் மருத்துவப் பரிசோதனை தனி. எஃப்ஏஏ தந்த சிறப்புச் சான்று அங்கே உங்களைக் காப்பாற்றாது. பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே டிஜிசிஏ மருத்துவத்தை முடித்துவிடுங்கள். நிலத்தை அடமானம் வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு இதைக் கைகூப்பிச் சொல்கிறேன்.

## மறைப்பது பற்றி

இதை ஐந்தாவது வழியாக எண்ண எனக்கு மனமில்லை. ஆனால் கேட்கப்படுவதால் சொல்கிறேன். பொய் சொன்னால் கூட்டாட்சிச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம், எல்லா விமானி உரிமங்களும் பறிபோகலாம். பிடிபடவே மாட்டோம் என்பதும் இல்லை. படைவீரர் நல அமைச்சகத்திடம் ஊனத்துக்கான உதவித்தொகை வாங்கிக்கொண்டே எஃப்ஏஏவிடம் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சுமார் 4,800 விமானிகளின் கோப்புகள் சோதிக்கப்பட்ட செய்தி 2023இல் வெளியானது. இரண்டு அரசுத் துறைகளின் பதிவுகளை ஒப்பிட்டதில் வெளிவந்தது அது.

தண்டனையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, மறைப்பவருக்குச் சிகிச்சையும் அரைகுறையாகிவிடும் என்பது. 2022இல் வெளியான ஆய்வில், 3,765 விமானிகளில் 56 சதவீதம் பேர் சான்று போய்விடும் என்ற பயத்தால் மருத்துவத்தைத் தவிர்த்ததாகச் சொன்னார்கள். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதி 150 பேர் இறந்தபோது, இணை விமானி தன் நோயை நிறுவனத்திடம் சொல்லாமல் வேலைக்கு வந்திருந்தார். மனச்சோர்வு வந்தவர் எல்லாம் அப்படி ஆகிவிடுவார் என்று யாரும் நினைக்கக் கூடாது. சொன்னால் வாழ்க்கை போய்விடும் என்ற நிலை இருக்கும் வரை நோயாளி தனியாகவே கிடப்பார் என்பதற்காகச் சொல்கிறேன். எஃப்ஏஏ 2023 டிசம்பரில் அமைத்த குழு, 2024 ஏப்ரலில் 24 பரிந்துரைகள் தந்ததும் இந்தப் பயத்தைக் குறைக்கத்தான்.

முன்பே ஒரு படிவத்தில் 'இல்லை' என்று குறித்துவிட்டவர்கள் அடுத்த படிவத்தில் சத்தமில்லாமல் 'ஆம்' என்று மாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஏஎம்இயிடம் போவதற்கும் முன்பாக விமானச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்கறிஞரிடம் பேசுவது அவரோடு நிற்கும், ஏஎம்இயிடம் பேசுவதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விமான உரிமையாளர்கள், விமானிகள் சங்கமான ஏஓபிஏவில் உறுப்பினராக இருப்பவர்களுக்குத் தனிக் கட்டணத்தில் சட்ட உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. ஏர்லைனில் இருப்பவர்கள் தங்கள் சங்கத்தின் சக விமானி உதவிக் குழுவை முதலில் அழைக்கலாம்.